வீட்டில் இடம் பெருக்கும் வழிகள்

நெசவாளர் வீடு குடியிருப்பாகவும் தொழிற்கூடமாகவும் விளங்குவது. முன்கட்டில் தறி, கூடத்தில் பாவும் நூலும் என்றான பின் எஞ்சிய இடத்தில்தான் சமையலும் உறக்கமும். பயிரிடுவோர் வீட்டிலும் விதையும் மூட்டையும் இவ்வாறே இடங்கொள்கின்றன. மகனுக்கு மணம் கூடும் வேளையில் இடநெருக்கடி புலனாகிறது. உடனே ‘மாடி கட்ட’ என்று கடன் விண்ணப்பம் எழுதப்படுகிறது. மாடி ஒன்றே வழி என்பதில்லை. பரண், பின்கட்டு, மாடி என மூன்று வழிகள் உள. செலவும் அபாயமும் இவ்வரிசையிலேயே ஏறுகின்றன. ஆதலால் ஆராய்ச்சியும் இவ்வரிசையிலேயே நடைபெறுதல் நலம்.

பரண்

பரண் பொருள்களுக்கு உரியது. மனிதர் உறங்குவதற்கு உரியதன்று. வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அடி உயரம் வேண்டுமென்றும், 1.5 மீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள பரண் சேமிப்பிற்கு மட்டுமே என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்துள்ளது. ஆயினும் 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பரண் 30 சதுர அடித் தரையை விடுவிக்கும். ஒருவர் பாய் விரிக்க அதில் பாதியே போதும்.

60 கிலோ மூட்டைகள் பத்தினை ஏற்றினால் பரண் 600 கிலோ தாங்க வேண்டும். எனவே இரு முனைகளும் சுவரிலோ தூணிலோ நன்கு ஊன்றியிருத்தல் அவசியம். ஒரு புறம் மட்டும் சுவரில் பதிந்து மறுபுறம் நீட்டி நிற்கும் கான்கிரீட் பரணில் முக்கியக் கம்பி பலகையின் மேற்பகுதியில் அமைய வேண்டும்; கீழ்ப்பகுதியில் வைத்தால் பரண் முறிந்து விழும். கான்கிரீட் போடுவதற்கு முன் அங்கத்தினர் இதைத் தாமே நேரில் பார்த்துக்கொள்வது நன்று. நூலை அடுப்பிற்கு மேலுள்ள பரணில் வைத்தலாகாது. புகையும் தீயும் அதற்குப் பகை.

பின்கட்டு

கொல்லைப்புறம் இருப்பின் அங்கு ஓர் அறை சேர்ப்பது அடுத்த வழி. பழைய சுவரை ஒட்டி முழு நீளத்திற்கும் ஒரே நாளில் வாணம் தோண்டினால் அச்சுவரின் அடி மண் சரியக்கூடும். மூன்று நான்கு அடியாகப் பகுதி பகுதியாகத் தோண்டிக் கட்டி மேற்செல்ல வேண்டும். பழைய சுவர் தன் பாரத்தில் முன்னரே அமர்ந்துவிட்டது; புதிய சுவர் இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் சேருமிடத்தில் வெடிப்புக் காணும். ஆகவே அங்கு ஓர் இடைவெளி இணைப்பு விடுவது வழக்கம். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கரிசல் மண்ணில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பின்கட்டு எழும்பும்போது பழைய சன்னல் அடைபடாதவாறு பார்த்துக்கொள்க. தறிக்கு வெளிச்சமும் காற்றும் குறைந்தால் கூலியும் குறையும். செலவுக்கு அஞ்சித் தறிக்கு மேல் தகரக் கூரை வேய்வோரும் உளர். அனலில் பாவு உலர்ந்து, பருத்தி இழை அடிக்கடி அறுபடும். மிச்சப்பட்ட பணம் நெய்யும் நேரத்தில் கழிந்துவிடும்.

மாடி

10 அடிக்கு 12 அடி அறையின் மேல் 4 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அதன் அளவு 40 கன அடி. கன அடிக்கு 70 கிலோ வீதம் 2,800 கிலோ ஆகிறது. ஆட்களும் சாமான்களும் புழங்குவதற்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வீதம் கணக்கிட்டால் மேலும் 2,200 கிலோ. ஆக 5,000 கிலோ. மாடிச் சுவர்களும் அதன் கூரையும் இக்கணக்கில் சேரவில்லை. ஓட்டுக் கூரைக்கென்று மண் சாந்தில் எழுப்பிய சுவர் இப்பாரத்தைத் தாங்கும் என்று நம்புவது பிழை. சுவரை ஒட்டித் தறிக்குழி இருப்பின் அபாயம் மிகும். குழி சுவரின் அடிமண்ணைப் பலவீனப்படுத்துகிறது. பழைய சுவரைச் சாராமல் புதிய அஸ்திவாரத்திலிருந்து தூண்கள் எழுப்பலாமா என்பதைப் பொறியாளரே சொல்லத் தக்கவர். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

அனுமதியும் பணமும்

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர்க்கு 2024-ஆம் ஆண்டில் சுயசான்று முறை வந்தது. பழைய வீட்டின்மேல் மாடி எழுப்புவோர் தமக்குப் பொருந்தும் முறையை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்தே வேலை தொடங்க வேண்டும்.

பூர்வீக வீடாயின் பங்காளிகள் அனைவரின் சம்மதமும் எழுத்தில் பெறுக. 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் பங்குரிமை வழங்கியுள்ளன. மணமாகிச் சென்ற சகோதரியின் கையொப்பம் இன்றிக் கட்டிய மாடி பின்னாளில் வழக்கிற்கு இடந்தரும்.

கடைசியாக ஒன்று. நூல் வாங்கப் பெற்ற கடனையோ பயிர்க் கடனையோ கட்டட வேலையில் போடலாகாது. தறி நின்றால் தவணையும் நிற்கும். இவ்வாண்டு பரண், கையில் சேமிப்பு சேர்ந்தபின் பின்கட்டு என்று படிப்படியாகச் செல்லும் குடும்பம், வீட்டையும் தொழிலையும் ஒருங்கே காத்துக்கொள்ளும்.