பயமுறுத்தும் வலிப்பு, ஏமாற்றும் வலிப்பு

காய்ச்சலில் கொதிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கண் மேலே செருகுகிறது. பல் கிட்டிக்கொள்கிறது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. ‘ஜன்னி கண்டிருச்சு’ என்று வீடே அலறுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை நுழைக்கிறார். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். இவ்வகை வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். நல்ல பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம்.

6 மாதம் முதல் 5 வயது வரை, நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் மூளை கெடாது, படிப்பும் கெடாது. மூன்றில் ஒரு குழந்தைக்குப் பின்னால் வரும் காய்ச்சலிலும் திரும்பலாம். பாராசிட்டமால் அதைத் தடுக்காது; குழந்தையின் அசதியைக் குறைக்கும், அவ்வளவுதான். அளவை மீறிக் கொடுக்காதீர்கள்.

குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்துங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். உடனே மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் வலிப்பென்றால், அடங்கிய பிறகும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கழுத்து விறைத்தாலோ, வலிப்பு நின்றும் குழந்தை தெளியாவிட்டாலோ மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை, யாரையும் அலற வைக்காத இன்னொரு வலிப்பைப் பற்றித்தான். பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வருவது. தூங்கி எழுந்த கைக்குழந்தை சட்டென்று தலை குனிந்து, கைகளை விரித்து, உடம்பை மடக்கும். ஒரு நொடி, இரண்டு நொடி, தளர்ந்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடியும். இப்படி வரிசையாகப் பத்து, இருபது முறை. வயிற்றுவலி என்றோ, திடுக்கிட்டது என்றோ விட்டுவிடுகிறோம். 1841-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தன் மகனுக்கே வந்த இதை விவரித்து ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். இன்றும் இந்த வலிப்பு அவர் பெயராலும் அறியப்படுகிறது. இது வந்தால், முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பதை நிறுத்தலாம், நின்ற தலை நிற்காமல் போகலாம். ஸ்டீராய்டு, விகாபாட்ரின் போன்ற மருந்துகள் உண்டு. சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சிக்கு நஷ்டம்.

அப்படி உடம்பு வரிசையாக மடங்குவது தெரிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ‘மூளைக்கு இ.இ.ஜி. பரிசோதனை எடுக்கணுமா டாக்டர்?’ என்று நீங்களாகவே கேளுங்கள்.