ஏழு நாள் முகாம், முப்பது ஆண்டு ஞாபகம்

தொட்டியம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், பதினோராம் வகுப்பில் என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இயற்பியல் வாத்தியார் பெயர் வரும், பாடம் வராது. அந்த வருடம் என்.எஸ்.எஸ். கேம்ப் போனீர்களா என்று அடுத்துக் கேளுங்கள். டீ ஆறிப்போகும். பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தது, விடியுமுன் வாய்க்காலில் இறங்கிக் குளித்தது, அடிப்பிடித்த உப்புமா, ராத்திரி வாழைத்தோப்புப் பக்கம் ஒதுங்கப் பயந்து ஒருவன் நாலு பேரை எழுப்பியது என்று வந்துகொண்டே இருக்கும். பள்ளி நடந்தது வருடம் முழுக்க. முகாம் ஏழே நாள். மூளைக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து ஏழு நாள் அங்கேயே தங்க வேண்டும். குளம் குட்டையைச் சுத்தம் செய்து, சீமைக்கருவேலத்தை வெட்டி, மாலையில் ஊர் மந்தையில் நாடகம் போட வேண்டும். திட்டம் போட்டவர்கள் நினைத்தது சேவையை. ஞாபகம் ஆழமாகப் பதிய என்னென்ன தேவையோ அத்தனையையும் அவர்கள் அறியாமலே அதற்குள் வைத்துவிட்டார்கள்.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். நடுவயதைக் கடந்தவர்களை வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக வரும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபினும் கூட்டாளிகளும் 1986இல் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். வரைபடத்தில் அந்த வயதில் ஒரு மேடு தெரிகிறது. ஆனால் இயற்பியல் வகுப்பும் அதே வயதில்தான் நடந்தது. ஆகவே வயது மட்டும் போதாது.

முகாம் ஒரு முறைதான் வருகிறது. தொட்டியம் மதுரகாளியம்மன் தேர் பங்குனிக்குப் பங்குனி தோளில் ஏறுகிறது. ஊர்க்காரர் எவரையும் கேட்டால் திருவிழா எப்படி நடக்கும் என்று அழகாகச் சொல்வார். எந்த வருடம் என்ன நடந்தது என்று பிரித்துச் சொல்லத் திணறுவார். திரும்பத் திரும்ப நடப்பதை மூளை தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, ‘இப்படித்தான் நடக்கும்’ என்ற பொது ஞாபகமாக வைத்துக்கொள்கிறது. வகுப்பறைக்கும் அதே கதிதான். முகாமை ஒன்றாக்க இன்னொரு முகாம் இல்லை.

சரி, பெரிய நிகழ்ச்சி பதிவது புரிகிறது. உப்புமா ஏன் பதிகிறது? எனக்கு இதுதான் உண்மையான அதிசயமாகப் படுகிறது.

அர்ஜென்டினாவில் ஃபப்ரீசியோ பல்லரினியும் சக ஆய்வாளர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஆசிரியர் ஒரு கதை வாசித்தார். சில வகுப்புகளுக்கு மட்டும் அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, அவர்கள் அதுவரை பார்த்திராத வகையில் ஓர் அறிவியல் பாடமோ இசைப் பாடமோ நடந்தது. கதைக்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை. மறுநாள் கேட்டபோது புதுப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் கதை நன்றாக நினைவிருந்தது. இடைவெளி நாலு மணி நேரமானபோது அந்தப் பலன் இல்லை. புதுப் பாடத்தை முன்பே ஒருமுறை பழக்கிவிட்டாலும் பலன் இல்லை.

இதன் வேர் 1997இல் ஊவே ஃப்ரேயும் ரிச்சர்ட் மோரிசும் எலி மூளைத் துண்டுகளில் கண்ட ஒன்று. சாதாரண நிகழ்ச்சி ஒன்று நடந்ததும், அதைத் தாங்கும் நரம்பு இணைப்புகளில் தற்காலிகமாக ஓர் அடையாளம் விழுகிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. ஆள் ஏறாவிட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டு பறிபோகும். ஏற வேண்டிய ஆள் என்பது, இணைப்பை நிலைப்படுத்தும் புரதம். சப்பென்ற நிகழ்ச்சிக்காக மூளை புரதம் தயாரிப்பதில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் புதுமையோ பரபரப்போ ஒன்று நடந்தால், டோபமைன் போன்ற வேதிப்பொருள்கள் பெருகி, புரதம் உருவாகி, அக்கம்பக்கத்தில் துண்டு போட்டிருக்கும் இணைப்புகளுக்கும் அது கிடைத்துவிடுகிறது.

வீட்டைவிட்டு முதல்முறையாக வெளியே தூங்கும் பதினாறு வயதுப் பையனுக்கு அந்த ஊரே புதுமை. வடக்கே பார்த்தால் கொல்லிமலை, தெற்கே இறங்கினால் காவிரி. பக்கத்தில் படுத்திருப்பவன் நேற்றுவரை பேசாதவன். அன்றைக்குத் தட்டில் விழுந்த உப்புமாவுக்கும் அந்தப் புரதத்தில் பங்கு கிடைத்திருக்கலாம் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் ஞாபகங்கள் மங்கலாக இருந்தால் அதிலும் ஆச்சரியமில்லை. அதற்குள் ஊர் பழகியிருக்கும்.

விறகுப் புகையும் காய்ந்த வாழைச்சருகு வாசனையும் முகாமைத் திரும்பக் கொண்டுவருவதாகப் பலர் சொல்வார்கள். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணத்துக்கு நேர்வழி உண்டு. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் ஞாபகத்தைக் கவனிக்கும் ஹிப்போகாம்பசைச் சுற்றிய பகுதிக்கும் அது சீக்கிரம் போய்ச் சேர்கிறது. ஆனால் மணம் கிளப்பும் ஞாபகங்களில் கணிசமானவை பத்து வயதுக்கு முந்தியவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பதினாறு வயதில் போன முகாமுக்கு மூக்கை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

மூக்கைவிட வாய்க்குத்தான் பங்கு அதிகம். முகாமுக்குப் போனவர்கள் அதைப் பேசாமல் விடுவதில்லை. திரும்பிய மறுநாள் வகுப்பில், பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில், இப்போது வாட்ஸ்அப் குழுவில். சொல்லச் சொல்ல ஞாபகம் உறுதியாகிறது. சிக்கலும் அங்கேதான். ஹென்றி ரோடிகரும் சக ஆய்வாளர்களும் 2001இல் இருவரைச் சேர்த்து உட்காரவைத்து, சமையலறை போன்ற காட்சிகளின் படங்களைக் காட்டினார்கள். இருவரில் ஒருவர் ஆய்வாளரின் ஆள். பார்த்ததை மாறி மாறிச் சொல்லும்போது, படத்தில் இல்லாத சில பொருள்களையும் அவர் வேண்டுமென்றே சொன்னார். பிறகு தனியாகக் கேட்டபோது மற்றவரும் அவற்றில் சிலவற்றைப் பார்த்ததாகச் சொன்னார். முன்பின் தெரியாதவர் ஒருமுறை சொன்னதற்கே இப்படி. முப்பது வருடமாக நாலு நண்பர்கள் சேர்ந்து சொல்லும் கதை என்ன ஆகும்?

முகாம் ஞாபகத்துக்கு உலகிலேயே விசித்திரமான உதாரணம் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருக்கிறது. 1954 கோடையில் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதையொட்டிய 22 பையன்களுக்குக் கோடை முகாம் நடந்தது. நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர். பையன்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி மூட்டி, கொடியைக் கொளுத்தும் அளவுக்குப் பகை வளர்வதைப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் கோளாறு, கிளம்பாத லாரி என்று இரு கூட்டமும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கிச் சமாதானமாக்கினார். உளவியல் பாடநூல்களில் அது புகழ்பெற்றது. அந்தப் பையன்களோ அதை ஒரு கோடை முகாமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெர்ரி பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்தார். 2018இல் நூல் வந்தது. தாங்கள் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது பலருக்கு வயதான பிறகே தெரிந்தது. தெரிந்தபின் அங்கே நடந்த கயிறு இழுக்கும் போட்டியை அவர்களால் பழையபடி நினைத்துப் பார்க்க முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்றைய முகாம்களுக்கு வேறொரு சிக்கல். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை, தொட்டியம் இருக்கும் இதே திருச்சி மாவட்டத்தில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியரின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. சுமார் 20,000 பேர் கூடினார்கள். அதுவும் ஏழு நாள்தான். எண்பதுகளில் என்.எஸ்.எஸ். முகாம் போனவர்களிடம் குழுவாக எடுத்த போட்டோ ஒன்று இருந்தாலே பெரிது. மணப்பாறையில் கூடியவர்கள் வீட்டில் படம் குவிந்து கிடக்கும். படம் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மூளை சோம்பேறியாகிவிடலாம் என்கிறது லிண்டா ஹென்கெலின் 2014 ஆய்வு. அருங்காட்சியகத்தில் பொருளை முழுதாகப் படம்பிடித்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அது குறைவாகவே நினைவிருந்தது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம்பிடித்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆக, குற்றம் கேமராவுடையது அல்ல.

பழைய முகாம்காரர்கள் அடுத்த முறை கூடும்போது செலவில்லாத ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பேச ஆரம்பிக்கும் முன் ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், வாய்க்காலில் வழுக்கி விழுந்தது யார் என்று எழுதுங்கள். நாலு தாளில் மூன்று பெயர் வரலாம். அதில் ஒருவர் அந்த வருடம் அம்மை போட்டு முகாமுக்கே வராதவராகவும் இருக்கலாம். விழுந்தபோது தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது என்று அவரே விவரமாகச் சொல்லவும் கூடும்.