பத்து ரூபாய் காயின் உயரம்... ஒரு மாசம் டைம்! மினியேச்சர் பெயின்ட்டிங் சேலஞ்ச்ல அப்படி என்ன இருக்கு?

உங்க பர்ஸ்ல பத்து ரூபாய் காயின் இருந்தா எடுத்து டேபிள் மேல நிமிர்த்தி வைங்க. அதோட விட்டம் 27 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அதே உயரத்துல ஒரு போர்வீராங்கனை நிக்கிறாங்கன்னு நினைச்சுக்கோங்க. கையில் ஈட்டி, இடுப்பில் தோல் பெல்ட், அந்த பெல்ட்டுக்கு ஒரு பக்கிள், தோளில் கிழிஞ்ச போர்வை. முகம் ஓர் உளுந்து சைஸ். அந்த உளுந்துக்குள்ள ரெண்டு கண்ணு, கண்ணுக்குள்ள கருவிழி. எல்லாமே சாம்பல் கலர் பிளாஸ்டிக். இதுக்கு முழுசா பெயின்ட் அடிச்சு முடிக்க உங்களுக்கு ஒரு மாசம் டைம்.

இதுதான் மினியேச்சர் பெயின்ட்டிங் சேலஞ்ச். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியான்னு பல நாட்டு ஹாபி பிரியர்கள் வருஷா வருஷம் இதை நடத்துறாங்க. ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு தீம். பிப்ரவரி வந்தா ‘ஃபெம்ப்ரவரி’. பெண் மினியேச்சர்களை மட்டும்தான் பெயின்ட் பண்ணணும். மே மாசம் ராட்சத மிருகங்களுக்கு. அக்டோபர்ல ‘ஓர்க்டோபர்’. பச்சைத்தோல் ஓர்க் கூட்டம் மொத்தமும் டேபிளுக்கு வந்துடும். ‘இங்க்டோபர்’ உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ஜேக் பார்க்கர்ங்கிற ஓவியர் 2009-ல ஆரம்பிச்ச, தினம் ஒரு இங்க் ஓவியம் வரையுற சேலஞ்ச். கிட்டத்தட்ட அதே மாதிரிதான். என்ன, இங்கே பேப்பருக்குப் பதிலா பொம்மை.

பொம்மைக்கு பெயின்ட் அடிக்க எதுக்குங்க சேலஞ்ச், சும்மா அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேட்கலாம். சும்மா அடிக்க மாட்டேங்கிறாங்க. அதுதான் பிரச்னையே.

சாம்பல் நிறக் குவியல்

‘தி டைம் மெஷின்’ நாவலை எழுதின ஹெச்.ஜி.வெல்ஸ், 1913-ல பொம்மை சிப்பாய்களை வெச்சு விளையாடுறதுக்கு ‘லிட்டில் வார்ஸ்’னு ஒரு விதிமுறைப் புத்தகமே போட்டார். அந்த மாதிரி டேபிள் யுத்தம் பெரிய பிசினஸா மாறினது ‘வார்ஹாம்மர்’ காலத்துலதான். கேம்ஸ் வொர்க்‌ஷாப்ங்கிற பிரிட்டிஷ் கம்பெனி 1983-ல முதல் வார்ஹாம்மரையும், 1987-ல விண்வெளி வெர்ஷனான ‘வார்ஹாம்மர் 40,000’-ஐயும் இறக்குச்சு. சூப்பர்மேனா நடிச்ச ஹென்றி கேவில், இந்த பொம்மைகளுக்கு உட்கார்ந்து பெயின்ட் அடிக்கிற ரகம். 2024 டிசம்பர்ல அந்த கம்பெனி, லண்டன் பங்குச்சந்தையின் டாப் 100 நிறுவனங்களோட பட்டியலான எஃப்.டி.எஸ்.இ 100-க்குள்ள நுழைஞ்சது. பேங்க், பெட்ரோல் கம்பெனிகளுக்கு நடுவுல ஒரு பொம்மை கம்பெனி!

இந்த பொம்மைகள் அட்டைப்பெட்டியில சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களா வரும். வெட்டி, ஒட்டி, கலர் அடிக்கிறது உங்க வேலை. ஒரு பொம்மையை உருப்படியா முடிக்க சிலருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், சிலருக்கு இருபது மணி நேரம் ஆகும். ஆனா புது பாக்ஸ் வாங்க ரெண்டு நிமிஷம் போதும். விளைவு, கட்டிலுக்கு அடியிலயும் அலமாரிக்கு மேலயும் பிரிக்காத பாக்ஸ்கள் சேர்ந்துக்கிட்டே போகும். அதுக்கு அவங்களே வெச்சிருக்கிற பேர் ‘பைல் ஆஃப் ஷேம்’. அவமானக் குவியல்! புத்தகக் காட்சியில அள்ளிக்கிட்டு வந்து இன்னும் முதல் பக்கத்தைப் புரட்டாத புக்ஸ் உங்க வீட்ல இருந்தா, இந்த வலி உங்களுக்குப் புரியும்.

வாங்குறது ஒரு ஹாபி, செய்யறது இன்னொரு ஹாபி. ரெண்டும் ஒண்ணுதான்னு நம்ம மூளையை நம்ப வைக்கிறதுலதான் கம்பெனிகளோட சாமர்த்தியமே இருக்கு. தீம் சேலஞ்ச் அதுக்கு எதிர்த்திசையில வேலை செய்யுது. புதுசா எதையும் வாங்கச் சொல்லாம, ஏற்கெனவே இருக்கிறதுல ஒண்ணை எடுக்கச் சொல்லுது. இருநூறு பொம்மை கிடக்கும்போது ‘எதை அடிக்கலாம்’னு யோசிச்சே ஞாயிற்றுக்கிழமை போயிடும். ‘பெண் கேரக்டர் மட்டும்’னு சொன்னதும் அது நாலாகிடும். நாலுல ஒண்ணை எடுக்க அஞ்சு நிமிஷம் போதுமே!

ரூல்ஸும் சிம்பிள்தான். மாசத் தொடக்கத்துல ‘நான் இதை முடிக்கப் போறேன்’னு அறிவிக்கணும். நடுவுல அரைகுறையா இருக்கிற போட்டோ போடணும். கடைசியில முடிச்சதைக் காட்டணும். பெரும்பாலும் பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. பரிசு வேணும்னா அதுக்கு ‘கோல்டன் டீமன்’ இருக்கு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-ல இருந்து நடத்துற போட்டி. அதுல ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு நிஜமான முழுநீள வாள் தருவாங்க. அங்க வர்ற பொம்மைகளை ஜூம் பண்ணிப் பார்த்தா, நம்ம கையில இருக்கிற பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடலாம்னு தோணும். அதனால சேலஞ்ச் நேரத்துல அந்தப் பக்கம் போகாம இருக்கிறது மனசுக்கு நல்லது.

ஃபெம்ப்ரவரி ஏன் ஸ்பெஷல்?

மாசாமாசம் வர்ற தீம்கள்ல எனக்குப் பிடிச்சது இதுதான். ஓர்க்டோபர் ஜாலி. ஆனா ஃபெம்ப்ரவரிக்குப் பின்னாடி ஒரு கேள்வி இருக்கு.

இந்த உலகத்துல ரொம்ப காலமா பெண் மினியேச்சர்கள் எண்ணிக்கையில கம்மி. இருந்ததுலயும் பாதி, இரும்பு பிகினி போட்டுக்கிட்டு போருக்குப் போற ரகம். பக்கத்துல நிக்கிற ஆண் வீரனுக்குத் தலை முதல் கால் வரை கவசம். இவங்களுக்கு மட்டும் வயிறு, தொடை எல்லாம் திறந்து கிடக்கும். அம்பு பட்டா என்ன ஆகும்னு செதுக்கினவர் யோசிச்சதா தெரியல! ஃபெம்ப்ரவரியில, நிஜமாவே சண்டைக்குப் போற மாதிரி இருக்கிற பெண்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. அப்படி ஒரு பொம்மையைத் தேடி உங்க குவியலைக் கிளறும்போதுதான், அதுல எத்தனை பெண்கள் இருக்காங்கன்னே முதல்முறையா எண்ணுவீங்க.

அடுத்து முகம். ஆண் பொம்மையில கன்னத்துக்குக் கீழ அடர்த்தியா நிழல் போட்டா கம்பீரமா தெரியும். அதே நிழலைப் பெண் முகத்துல போட்டா தாடி மாதிரி ஆகிடும். அதனால நிழலைக் குறைச்சு, மென்மையா கலக்கணும். உதட்டுக்குச் சிவப்பை அப்படியே வைக்காம, தோல் நிறத்தோட துளி சிவப்பு கலந்து வைக்கணும். இல்லைன்னா போர்க்களத்துக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்.

தோல் நிறம்னு சொன்னதும் ஒண்ணைச் சொல்லியே ஆகணும். சிட்டாடெல் பிராண்டோட பழைய பெயின்ட் பாட்டில்கள்ல ‘எல்ஃப் ஃப்ளெஷ்’, ‘டுவார்ஃப் ஃப்ளெஷ்’னு பேர் இருக்கும். ரெண்டுமே வெள்ளைக்காரத் தோலோட ஷேடுதான். ‘சதை’ன்னாலே வெளிர்நிறம்னு பாட்டிலே முடிவு பண்ணிடும். மாநிறத்துல ஒரு வீராங்கனையை அடிக்கணும்னா நீங்களே கலக்கணும். அதுல பலர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. வெளிச்சம் படுற மூக்கு, கன்னம் எல்லாம் பளிச்சுன்னு தெரியறதுக்காக பழுப்பு நிறத்தோட வெள்ளையைக் கலக்குவாங்க. முகம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப்போயிடும். வெள்ளைக்குப் பதிலா ஆரஞ்சு, மஞ்சள் காவி மாதிரி சூடான நிறம் கலந்தா தோல் உயிரோட இருக்கும். சந்தேகமா இருந்தா ஜன்னல் பக்கத்துல உங்க கையை நீட்டிப் பாருங்க. வெளிச்சம் படுற இடம், படாத இடம், உள்ளங்கை மூணும் மூணு நிறம். இதைவிட நல்ல ரெஃபரன்ஸ் போட்டோ எந்த யூடியூபர்கிட்டயும் கிடைக்காது.

பொய் சொல்ற வெளிச்சம்

இந்த பெயின்ட்டிங்ல அடிப்படையா ஒரு விஷயம் இருக்கு. அது புரிஞ்சா மீதி எல்லாம் புரியும். நிஜ மனுஷன் சட்டை மடிப்புல தானா நிழல் விழும். ஆனா காயின் உயர பொம்மையில மடிப்போட ஆழமே அரை மில்லிமீட்டர்தான். நம்ம கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அங்கே நிழல் விழாது. ஒரே கலரை அடிச்சு நிறுத்தினா பொம்மை தட்டையா, மிட்டாய் மாதிரி இருக்கும். அதனால விழாத நிழலை நீங்கதான் வரையணும். இந்த ஹாபியோட டெக்னிக் எல்லாமே பெரும்பாலும் அந்தப் பொய்யை எப்படி அழகா சொல்றதுன்னு யோசிச்சுக் கண்டுபிடிச்சதுதான்.

முதல்ல கறுப்பு பிரைமர். அது பெயின்ட் பிடிமானத்துக்கு. அப்புறம் நேர் மேல இருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. உச்சிவெயில் எங்க படுமோ அங்க மட்டும் வெள்ளை விழும், மீதி கறுப்பாவே நிக்கும். இதுதான் ‘ஜெனித்தல்’. அதுக்கு மேல மெல்லிய கலர் பூசினா, அடியில இருக்கிற நிழல் தானா தெரியும். அடுத்தது ‘வாஷ்’. தண்ணியா ஓடுற கறுப்பு அல்லது பழுப்பு இங்க். பள்ளத்துல போய் தேங்கி, காய்ஞ்சதும் நிழலா மாறிடும். ‘நூல்ன் ஆயில்’னு ஒரு பிரபல வாஷுக்கு ‘பாட்டில்ல அடைச்ச திறமை’ன்னு கிண்டலா பேரே வெச்சிருக்காங்க. கடைசியா டிரை பிரஷ். பிரஷ்ல பெயின்ட்டைத் தொட்டு, டிஷ்யூல முக்கால்வாசி துடைச்சுட்டு, மேடான இடங்கள்ல மட்டும் லேசா தேய்க்கணும். ரோமம், சங்கிலிக் கவசம் மாதிரி இடங்கள்ல அஞ்சே நிமிஷத்துல மேஜிக் நடக்கும்.

2019-ல சிட்டாடெல் கொண்டு வந்த ‘கான்ட்ராஸ்ட்’ பெயின்ட், கலரையும் நிழலையும் ஒரே பூச்சுல குடுத்துடும். இது ஏமாத்து வேலைன்னு மூக்கைச் சுளிக்கிற சீனியர்கள் உண்டு. கண்டுக்காதீங்க. சேலஞ்ச் நேரத்துல முடிக்கிறதுதான் முக்கியம். தவிர, வெளிச்சம்னு இங்க நாம வரையுறதே பொய்தான். அதுல என்ன நல்ல பொய், கெட்ட பொய்!

நம்ம ஊர்ல எப்படி?

இறக்குமதி பொம்மை விலை கண்ணைக் கட்டும். முதல் சேலஞ்சுக்கு அது தேவையே இல்லை. கடையில பாக்கெட்ல விக்கிற பிளாஸ்டிக் சிப்பாய், உடைஞ்ச கொலு பொம்மை, தெரிஞ்சவங்க 3டி பிரின்ட் பண்ணிக் குடுத்த உருவம், எது வேணும்னாலும் ஓகே. (பழைய கொலு பொம்மைகளுக்கு நவராத்திரிக்கு முன்னாடி டச்-அப் பண்ற அம்மாக்கள், பேரு தெரியாமலே இந்த சேலஞ்ச்ல வருஷக்கணக்கா இருக்காங்க.) ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற அக்ரிலிக் பெயின்ட் ஆரம்பத்துக்குப் போதும். தண்ணி கலந்து, பால் பதத்துக்குக் கொண்டு வந்து, ரெண்டு மெல்லிய கோட்டிங்கா அடிங்க. கெட்டியா ஒரே கோட்டிங் அடிச்சா, செதுக்கின மூக்கும் கண்ணும் மூழ்கிடும்.

நம்ம வெயில்ல அக்ரிலிக் தட்டுலயே காய்ஞ்சு போகும். ஒரு டிபன் பாக்ஸ் மூடியில ஈரமான டிஷ்யூவை மடிச்சு விரிச்சு, அதுக்கு மேல கேக் பேக் பண்ணப் பயன்படுத்துற பார்ச்மென்ட் பேப்பரைப் போட்டு, அதுல பெயின்ட் வைங்க. மணிக்கணக்கா ஈரமா இருக்கும். காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்கிற நாள்ல ஸ்பிரே பிரைமரோ வார்னிஷோ அடிக்காதீங்க. வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகிடும். மழை நாள்னா பிரஷ்ஷால பூசுற பிரைமர்தான் சேஃப்.

ரொம்பப் பொடி பிரஷ் வேண்டாம். நுனி கூர்மையா இருக்கிற 0 அல்லது 1 நம்பர் போதும். பொடி பிரஷ்ல பெயின்ட், பொம்மைக்கிட்ட போறதுக்குள்ள காய்ஞ்சிடும். நுனியைக் கூர்மையாக்க நாக்குல வைக்கிற பழக்கம் இந்த ஹாபியில சகஜம். தயவுசெஞ்சு வேண்டாம். சில நிறமிகள்ல காட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் உண்டு. அதேபோல டீ கப்பையும் பிரஷ் கழுவுற கப்பையும் பக்கத்துப் பக்கத்துல வைக்காதீங்க. உலகம் முழுக்க பெயின்ட்டர்கள் சொல்ற முதல் ஜோக்கே இதுதான், ஏன்னா எல்லாருக்கும் நடந்திருக்கு.

எத்தனை பொம்மை முடிக்கிறேன்னு வாக்கு குடுக்கலாம்? ஒண்ணு. ‘மொத்த படையையும் முடிக்கிறேன்’னு முதல் தேதி ஆரம்பிக்கிறவங்க பலர் பத்தாம் தேதிக்குள்ள காணாமப் போறாங்க. ஒண்ணு முடிஞ்சு நாள் மிச்சம் இருந்தா ரெண்டாவதைத் தொடுங்க.

கடைசியா போட்டோ. இங்கதான் நிறைய பேர் மனசு உடைஞ்சு போறாங்க. 27 மில்லிமீட்டர் உருவத்தை ஆறு இன்ச் ஸ்க்ரீன்ல பெருசா பார்த்தா, கையில வெச்சுப் பார்த்தப்போ சூப்பரா இருந்த முகம் பேய் மாதிரி தெரியும். பொம்மை மேல தப்பு இல்லைங்க. அது விளையாட்டு டேபிள்ல, கை நீட்டுற தூரத்துல பார்க்கறதுக்காக அடிச்சது. போனை மூக்குக்கிட்ட கொண்டு போகாம, ஒரு அடி தள்ளி வெச்சு 2எக்ஸ் ஜூம் போடுங்க. பின்னாடி ஒரு சாம்பல் கலர் சார்ட் பேப்பர், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லைட். ஸ்க்ரீன்ல பொம்மையைத் தொட்டு, பிரைட்னஸை லேசா கீழே இறக்குங்க. அந்த உளுந்து சைஸ் முகத்துல நீங்க வெச்ச கருவிழி அப்போ கரெக்டா தெரியும்.