பூக்காத முல்லை

தைக் கிருத்திகைக்குத் திருப்போரூர் போயிருந்தேன். கந்தசுவாமியைத் தரிசித்துவிட்டு ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டுக்குள் நுழைந்தால், கொல்லைப்புறத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

வழக்குக்குக் காரணம் ஒரு முல்லைக் கொடி. மூன்று வருஷத்துக்கு முன், தாய்வீட்டு ஞாபகமாக மதுராந்தகத்திலிருந்து தங்கை கொண்டுவந்து வைத்த பதியன். பந்தல் முழுவதும் பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. பூ மட்டும் கிடையாது!

"பூக்காத கொடி வீட்டுக்கு ஆகாது. பிடுங்கி எறி" என்றார் மாமியார்.

தங்கை தலை குனிந்து நின்றாள். அவளுக்கு மணமாகி ஆறு வருஷம்; குழந்தை இல்லை. அந்தச் சொல் கொடியோடு நிற்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"அத்தை, கொடியின்மேல் குற்றமில்லை. நாம் வளர்க்கும் முறையில்தான் இருக்கிறது. சித்திரை வரை பொறுங்கள்" என்றேன்.

குற்றம் என்னவென்கிறீர்களா? முதலாவது, நிழல். முல்லைக்கு நல்ல வெயில் வேண்டும். மாமரத்தின் கிளையொன்று பந்தலை மூடியிருந்தது. இரண்டாவது, ஊட்டம். தங்கை ஆசை ஆசையாக யூரியாவைப் போட்டிருந்தாள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். முல்லைக்கு அதைப்போல் இரு மடங்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தேவை. மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கொடியில் ஒரு தடவைகூடக் கத்தி பட்டதில்லை!

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கொடியை வெட்ட மனம் வருவதில்லைதான். ஆனால் முல்லை பூப்பது புதுத் துளிரில். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அந்த வள்ளலின் பெயரையே வைத்த 'பாரிமுல்லை' ரகத்தையும் வருஷந்தோறும் வெட்டத்தான் வேண்டும். அதற்குரிய காலம் ஜனவரிக் கடைசி.

அன்றைக்கே தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். சில நாள் கழித்து, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி விட்டு, மீதியை வெட்டினாள். காய்ந்த குச்சிகளையும் பின்னிக்கொண்டிருந்த கிளைகளையும் அடியோடு நீக்கினாள். மண்ணைக் கொத்தி, மக்கிய தொழு உரம் 10 கிலோ இட்டு, மறுபடி தண்ணீர் விட்டாள். மாங்கிளையும் போயிற்று. ரசாயன உரம் இடுவோர் பாதியை அப்போதும், மறுபாதியை ஜூன், ஜூலையிலும் இடலாம்.

கடலோரத்து ஊர்களில் இன்னொரு சங்கடம், உவர்நீர். இலையின் ஓரம் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். பிடித்துவைத்த மழைநீர் அதற்கு நல்லது. வேரடியில் நீர் தேங்கவும் கூடாது. துளிரிலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

மொட்டைக் குச்சியாக நின்ற கொடியைப் பார்த்து, மாமியார் ஒரு மாதம் முணுமுணுத்தாராம்.

சித்திரையில் மறுபடி போனேன். சாயங்கால வேளை. வாசலிலேயே முல்லை மணந்தது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, மடி நிறைய மொட்டுகளை வைத்துத் தொடுத்துக்கொண்டிருந்தார். முதல் சரம் கந்தசுவாமிக்கு. அடுத்த சரத்தை மருமகளைக் கூப்பிட்டுத் தம் கையாலேயே சூட்டினார்.

"பாவம், அதை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன்!" என்றார்.

கொடியைச் சொன்னாரா, மருமகளைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. தங்கையின் முகம் மலர்ந்திருந்தது.