ஆடும் கொலுவுக்கு எந்த மோட்டார்?

மைசூரில் தசரா நெருங்கினால், விஜயநகரில் நம்மவர் வீடுகளில் கொலுப்படி எழும்பிவிடும். அண்டையில் கன்னடக்காரர் வீடுகளில் ‘பட்டத கொம்பெ’ எனும் ராஜா ராணி மரப்பொம்மைகள் அமரும். பொம்மை சுற்ற வேண்டும், ஊஞ்சல் ஆட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு மோட்டார் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறோம்.

முதல் வருடம் நானும் விளையாட்டுக் கார் மோட்டாரைப் பூட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கிருஷ்ணர் படியிலிருந்து பறந்தார். அம்மா காலத்து மண் பொம்மை, கை ஒடிந்தது. தவறு என்னுடையதே. அந்த மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். இழுவை பலம் கிடையாது. நமக்கு வேண்டியது 5 முதல் 10 சுற்றுதான். ஆகவே, பல்சக்கரம் கோத்த ‘கியர் மோட்டார்’ என்றே கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டாரும் மெதுவாகவே ஓடும். ஆனால் அவற்றில் பல, ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் கிளம்பும். கும்மியடிக்கும் பெண்களுக்குப் பொருந்தும். ஒரே திசையில் போகும் ரயிலுக்கு உதவாது. அதற்காகப் பழைய அடுப்பை வீட்டில் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கண்டென்சர் உயிரைப் பறிக்கும்.

பொம்மையைத் தூக்கி இறக்குவதானால் பலத்தைக் கணக்கிடுங்கள். 4 அங்குலக் கம்பி 8 அங்குலமானால், அதே பொம்மைக்கு இருமடங்கு பலம் வேண்டும்.

குழந்தைகள் தொடும் படியில் 230 வோல்ட் ஒயர் கூடாது. 12 வோல்ட் டி.சி. கியர் மோட்டாரும் அதற்கேற்ற அடாப்டருமே நல்லது. பொம்மை சிக்கி நின்றால் உடனே நிறுத்துங்கள். இல்லையேல் காயில் கருகிவிடும்.

கை ஒட்டிய அந்தக் கிருஷ்ணர் இப்போது எங்கள் படியில் நிமிடத்துக்கு 5 சுற்று நிதானமாகச் சுற்றுகிறார்.