கொலையைத் தடுக்கச் சம்பளம்!

அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். தம்பி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். சுட்டவன் யார் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டில் துப்பாக்கியும் இருக்கிறது.

இனி என்ன நடக்கும்? பழிக்குப் பழி!

அந்த நேரத்தில் ஒருவர் வந்து அவன் தோளில் கை போடுகிறார். அவர் போலீஸ்காரர் அல்ல. பாதிரியாரும் அல்ல. ஒரு காலத்தில் அதே பேட்டையில் போக்கிரியாகத் திரிந்து, ஜெயிலுக்குப் போய் வந்தவர்! தம்பியின் கோபம் ஆறும் வரை விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதற்கு, சர்க்கார் மானியத்தில் இருந்து சம்பளம்!

அமெரிக்காவில், சிக்காகோ நகரில் இந்த வேலைக்கு ஆள் வைத்தார்கள்.

டாக்டரின் யோசனை

யோசனையைச் சொன்னவர், கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர். சோமாலியா அகதி முகாம்களில் காசநோயையும் காலராவையும் எதிர்த்துப் போராடியவர். ஊர் திரும்பியதும், கொலைகள் நடந்த இடங்களைக் குறித்த படங்களைப் பார்த்தார். தொற்றுநோய் பரவியது போலவே இருந்தது! அப்படியானால் நோயைத் தடுப்பது போலவே இதையும் தடுத்தால் என்ன?

2000-ம் ஆண்டில், துப்பாக்கி சூடு மிகுந்த மேற்கு கார்பீல்டு பார்க் பகுதியில் வேலை தொடங்கியது. முதல் ஆண்டில் அது 67 சதவீதம் குறைந்ததாக அமைப்பினர் கணக்குக் காட்டினார்கள். சண்டை தணிப்போர் வந்து சேர்ந்தது 2004-ல்.

தம் கணக்கைத் தாமே சொன்னால் யார் நம்புவார்கள்? 2008-ல் வெளிவந்த பல்கலைக்கழக ஆராய்ச்சி 7 பகுதிகளை அலசியது. பெரும்பாலானவற்றில் துப்பாக்கி சூடு குறைந்திருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இந்தத் திட்டத்தால்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை.

சண்டை தணிப்போர், காதில் விழுவதைப் போலீசிடம் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அவர்களிடம் யார் வாய் திறப்பார்கள்? போலீசாருக்கு இதில் மனத்தாங்கல்தான். பழைய வழிக்கே திரும்பிப் பிடிபட்டவர்களும் சிலர் உண்டு.

பணம் நின்றது

2007-ல் இல்லினாய் மாநில சர்க்கார் மானியத்தை வெட்டியது. பல பேட்டைகளில் வேலை நின்றது. பிறகு பணம் வந்தது. 2015-ல் மீண்டும் நின்றது. மறு ஆண்டு சிக்காகோவில் 750-க்கும் அதிகமான கொலைகள்! மானியம் நின்றதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், பல வருடம் பழகிச் சேர்த்த நம்பிக்கை, பணம் நின்றதும் கலைந்து விடுகிறது. பணம் திரும்பி வந்தாலும் அது உடனே திரும்புவதில்லை.

2022-ல், இத்தகைய திட்டங்களுக்காக 5 ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கி, அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. பல நகரங்களில் புதிதாக ஆள் சேர்த்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த மானியங்களில் பல, பாதியிலேயே ரத்தாகிவிட்டன.