ஒரு குரல், இரண்டு வாய்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் படம் போடுகிறார்கள் என்றால் அன்று லயத்தில் சமையல் சீக்கிரமே முடிந்துவிடும். திடலில் கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் பிள்ளைகளுமாகச் சனம் போய் உட்காரும். பழைய காதல் நகைச்சுவைப் படங்களுக்கு அங்கே தனி மவுசு. பாட்டும் சிரிப்பும்தான் காரணம் என்பார்கள். அந்தப் பாட்டுகள் நம் கண்ணையும் காதையும் வைத்து ஆடிய விளையாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

1960இல் வந்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அஞ்சலிதேவி மீது டி.ஆர். ராமச்சந்திரனுக்குக் காதல். அவளுக்குச் சங்கீதம் என்றால் உயிர். இவருக்கோ பாட வராது. தங்கவேலு மறைந்திருந்து பாட, இவர் வாயசைப்பார். உண்மையில் தங்கவேலுவும் பாடவில்லை, பாடியவர் பி.பி. ஸ்ரீநிவாஸ்! பின்னணிப் பாடல் என்ற சினிமா ரகசியத்தையே கதையாக்கிய துணிச்சல் அது. வங்காளத்தில் 1952இல் வந்த இந்தக் கதைதான் 1968இல் இந்தியில் ‘படோசன்’ ஆனது.

தெரிந்தே எப்படி ஏமாறுகிறோம்? அசையும் உதட்டைக் கண்டதும், குரல் அங்கிருந்தே வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான். ஒலிபெருக்கி துணிக்குப் பக்கவாட்டில் இருந்தாலும், பாட்டு கதாநாயகன் வாயிலிருந்துதான் கேட்கும்.

படச்சுருளிலேயே குரலும் உதடும் தனித்தனி. விளக்கின் முன்னால் படம் வினாடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும், நிற்காவிட்டால் கலங்கிவிடும். ஒலித்தடமோ நிற்காமல் சீராக ஓட வேண்டும். அதனால் இரண்டையும் கருவி வெவ்வேறு இடத்தில் படிக்கிறது. தோட்டம் தோட்டமாகத் தூக்கிச் செல்லத் தோதான 16 மி.மீ. சுருளில், ஒவ்வொரு படத்துக்குமான ஒலி 26 பிரேம் முன்னால், ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளிப் பதிந்திருக்கும். இடையில் சுருளைச் சற்றுத் தளர்வாக வளையவிட்டு மாட்டுவார் ஆபரேட்டர். அந்த வளைவின் அளவு சரியாக இருந்தால்தான் குரல் உதட்டில் வந்து உட்காரும்.

அதிலும் ஒரு விந்தை. ஒலி 35 மீட்டர் கடக்கப் பத்தில் ஒரு வினாடி ஆகும். திடலின் கோடியில் பாய் விரித்தவருக்குப் பாட்டு எப்போதும் உதட்டுக்குப் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் உறுத்தவில்லை, தூரத்துச் சத்தம் தாமதமாக வருவது மூளைக்குப் பழக்கம். மின்னலுக்குப் பிறகுதானே இடி! இயற்கையில் சத்தம் காட்சியை முந்துவதே இல்லை. ஆபரேட்டர் வளைவை மூன்று பிரேம் சுருக்கிவிட்டால், அதே பத்தில் ஒரு பங்கு வினாடியைவிடச் சற்றுக் கூடுதலாகப் பாட்டு முந்திவிடும். முன்வரிசைப் பிள்ளைகள்கூட உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.